வைகைக்கு வீடு பார்த்தேன்

உள்ள வாங்க சார். கேட்டை மட்டும் சாத்திட்டு வாங்க. பழக்கதோஷம், சொல்லிட்டேன். இப்ப அது தெறந்து கெடந்தாலும் ஒண்ணும் ஓடிப் போகப் போறதில்ல. ஓடற நாய் போயிடுச்சு. மிச்சம் இருக்கறதெல்லாம் என்னை மாதிரி, தட்டு வச்சாத்தான் எந்திரிக்கும்.

அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. கையில என்ன, கழுத்துப் பட்டையா? செவப்பு. புதுசா வாங்கியே வந்துட்டீங்களா. நான் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும் சார். மணப்பாறையிலேருந்து ஒரு மனுஷனை ஞாயித்துக்கெழமை காலையில வரவச்சுட்டு, நாய் இல்லன்னு சொல்றது பெரிய தப்பு. நேத்து மூணு தடவ போனைக் கையில எடுத்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. வச்சுட்டேன்.

செத்துப் போகல சார், அப்படிப் பாக்காதீங்க. நல்லாத்தான் இருக்கு. இருக்கணும். வேற ஒரு வீட்டுக்குப் போயிடுச்சு. யார் வீடுன்னு சொல்றேன். அதைச் சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்.

காபி குடுக்கணும். ஆனா உள்ள போயி காபி கேக்கற நெலமையில இப்ப நான் இல்ல. என் சம்சாரம் ரெஜினா என்கிட்ட பேசி இன்னையோட மூணு நாளாச்சு. சாப்பாடு வருது, குறை சொல்லக் கூடாது. தட்டு வைக்கிற சத்தத்துலயே பாதி விஷயம் தெரிஞ்சுடும். தண்ணி வேணும்னா இந்தச் செம்புல இருக்கு.

நான் யாருன்னு போன்லயே சொல்லியிருக்கேன். சவரிமுத்து. ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர்டானவன். முப்பத்தோரு வருஷம் ஆளைப் பாத்தே பொழப்பு நடத்தினேன். டிக்கெட் இல்லாதவன் முகத்தை நல்லாவே வச்சுக்குவான் சார். சிரிப்பான், பேப்பர் படிப்பான், பக்கத்துச் சீட்டுக் கொழந்தையைக் கொஞ்சுவான். நான் முகத்தைப் பாக்க மாட்டேன். காலைப் பாப்பேன். டிக்கெட் இல்லாதவன் கால் ரெண்டும் கதவைப் பாத்துத்தான் நிக்கும். எப்பேர்ப்பட்ட நடிகனா இருந்தாலும் கால் காட்டிக் குடுத்துடும். சவரிமுத்து கண்ணுக்குத் தப்ப முடியாதுன்னு எனக்கு ஒரு பேரே இருந்துச்சு.

அந்தக் கண்ணைத்தான் ரிட்டயர்டானப்புறம் நாய்களுக்கு வச்சேன். தெருவுல அடிபட்டது, யாரோ கொண்டுவந்து தள்ளிட்டுப் போனது, இதுகளை எடுத்துட்டு வந்து, வைத்தியம் பாத்து, ஊசி போட்டு, கருத்தடை பண்ணி, நல்ல வீடாப் பாத்துக் குடுக்கறது. பதினோரு நாய் குடுத்திருக்கேன். எல்லாத்துக்கும் ரயில் பேருதான். பல்லவன் சமயபுரத்துல இருக்கான். காவேரி லால்குடியில ஒரு டீச்சர் வீட்டுல மகாராணியா இருக்கா. அதோ மூலையில படுத்திருக்கான் பாருங்க, அவன் சோழன். வயசாயிடுச்சு. அவனை யாரும் கேக்க மாட்டாங்க, கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன்.

வைகைக்கு அந்தப் பேரு வேகத்தைப் பாத்து வச்சது. பொன்மலைப் பாலத்துக்கு அடியில கெடைச்சுது. தலையில பிளாஸ்டிக் ஊறுகா டப்பா. நக்கறதுக்காக உள்ள விட்ட மூஞ்சியை வெளிய எடுக்கத் தெரியல. கண்ணு தெரியாமலே ஓடுது சார். தூணுல முட்டுது, திரும்புது, மறுபடி ஓடுது. ரெண்டு நாளாவது தண்ணி இல்லாம இருந்திருக்கும். அப்பவும் அதைப் பிடிக்க எனக்கு அரை நாள் ஆச்சு. டப்பாவை வெட்டி எடுத்தேன். வேற நாயா இருந்தா பயந்து ஒடுங்கியிருக்கும். இது என்னைச் சுத்திச் சுத்தி எட்டுப் போட்டு ஓடுது. சந்தோஷத்துல. எலும்பும் தோலுமா, எட்டு மாசக் குட்டி. அப்பவே பேரு வச்சுட்டேன்.

ஆனா அது சாமானியப்பட்ட நாய் இல்ல. நீங்களே பாத்தீங்களே போன செவ்வாக்கெழமை, உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப, அந்த வாழைக்கன்னை என்ன பாடு படுத்துச்சு. ஆறடிச் சுவரை ஏணி வச்ச மாதிரி ஏறும். கொடியில போட்ட துணி அதுக்குத் துணி மாதிரி தெரியாது, பந்தயம் மாதிரி தெரியும். பால்காரர் இப்பல்லாம் தெருமுனையிலயே நின்னு போன் பண்றார். காலையில ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓட விட்டா அன்னைக்குப் பூரா பரம சாது. விடலைன்னா வீடு நம்ம வீடு இல்ல.

மாசி மாசம் மைதானத்துல ஒரு மைனாவைப் பாத்து இழுத்துச்சு. கயிறு என் கையில சுத்தியிருக்கு. முட்டி திரும்பிடுச்சு. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பாத்துட்டு, "இனிமே இந்த நாயை நீங்க பிடிச்சீங்கன்னா அடுத்தது ஆபரேஷன்தான்"னுட்டார். அதுதான் விஷயம். என்னால ஓட முடியாது, கட்டிப் போடவும் மனசு வராது. ஓடற நாயைக் கட்டிப் போட்டா ஆறு மாசத்துல கண்ணே மாறிடும் சார். பாத்திருக்கேன். அப்புறம் அது கடிக்கும், அப்புறம் அதுக்கு ஒரு வீடும் கெடைக்காது. அதுக்குள்ள வைகைக்கு ஒரு வீடு பாத்தாகணும்.

இத்தனை நாள் கட்டிப் போடாம சமாளிச்சேன்னா அதுக்குக் காரணம் செலின். என் பொண்ணு, ஒரே பொண்ணு. கும்பகோணத்துல கட்டிக்குடுத்தது. அப்ப இங்க வந்திருந்தா, ஓய்வுக்கு. ஸ்கூல்ல நானூறு மீட்டர் ஓடுவா, மாநிலப் போட்டி வரைக்கும் போனவ. அவதான் காலையில வைகையைக் கூட்டிட்டு மைதானத்துக்குப் போவா. ரெண்டும் மூச்சு வாங்கிட்டுத் திரும்பி வரும். கல்யாணமான பொண்ணு முடி கலைஞ்சு இப்படி ஓடினா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்கன்னு ரெஜினாகிட்ட சொன்னேன். ராத்திரியில அந்த நாய் செலின் ரூம் வாசல்லயே படுத்துக் கெடக்கும். அந்த எடத்துல தரை கொஞ்சம் குளிர்ச்சி. சரி, அது வேற விஷயம். நாய்க்கு வரேன்.

உங்களுக்குக் குடுத்தேனே ஃபாரம், அந்த இருபத்தாறு கேள்வியும் நானே எழுதினது. நாய் கேக்கறவங்க நெறையப் பேரு அதைப் பாத்ததுமே ஓடிடுவாங்க. "என்ன சார், பொண்ணு கேக்க வந்த மாதிரி விசாரிக்கறீங்க"ன்னு ஒருத்தர் கேட்டார். பொண்ணு கேக்க வந்தவங்களை யார் சார் இவ்வளவு விசாரிக்கறாங்கன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாய் பட்ட பாடு இருக்கு. வீட்டில் எத்தனை பேர்? நாயை வேண்டாமென்று சொன்னவர் அவர்களில் யார்? கட்டிப் போடுவீர்களா? ஏழாவது கேள்வி, கோபம் வந்தால் கை ஓங்குகிறவர் யாராவது வீட்டில் உண்டா? அடிக்கிறவர்னு நான் எழுதல, கவனிங்க. அடிக்கிறவர் உண்டான்னு கேட்டா எல்லாரும் இல்லம்பாங்க. ஓங்கறதுதான் சார் கேள்வி. ஓங்கின கைக்கு அடியில இருந்து பழகின நாய் அப்புறம் எந்தக் கையையும் நம்பாது. கடைசியில ஒரு குறிப்பு இருக்கும், கொட்டை எழுத்துல. "ஒத்துவராவிட்டால் எந்த நேரமும், எந்தக் காரணத்துக்காகவும் நாயைத் திருப்பி அழைத்து வரலாம். ஏன் என்று கேட்க மாட்டோம்." அதுல எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்த ஒரு வரி இல்லன்னா, வேணாம்னு தோணின நாயைக் கொண்டுபோய் எங்கயாவது ஹைவேஸ்ல எறக்கி விட்டுடுவாங்க. நம்ம கதவு தெறந்திருக்குன்னு தெரியணும் இல்லையா?

ஃபாரம் மட்டும் போதாது. வீட்டுக்குப் போய்ப் பாத்தாகணும். அங்க போயும் நான் ஆளைப் பாக்க மாட்டேன். அந்த வீட்டுல ஏற்கெனவே இருக்கற ஜீவனைப் பாப்பேன். நாயோ, பூனையோ, கோழியோ. வீட்டு ஆம்பளை உள்ள வர்றப்ப அது எங்க போகுது? ஓடி வந்து காலைச் சுத்தினா நல்ல வீடு. கட்டிலுக்கு அடியில போனா எந்திரிச்சு வந்துடுவேன். உங்க வீட்டுக் கெழட்டு நாய் நீங்க வண்டிய நிறுத்தினதும் தள்ளாடித் தள்ளாடி வந்துச்சு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு மேல நீங்க ஓட்டப் பயிற்சி குடுக்கறவர், காலையில இருபது பொண்ணுங்களோட ஓடறவர். வைகைக்கு இதை விட்டா வேற வீடு ஏது?

உங்களைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே. பொட்டை நாயான்னு கேட்டுட்டு போனை வச்சவங்க பதினாலு பேரு. பொட்டைன்னா என்ன சார் குறைச்சல்? அது என்ன கல்லா மண்ணா? சோறு தின்னுதே, வலிச்சா கத்துதே. எனக்குக் கோவமா வரும். அப்புறம் தில்லைநகர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. ரெண்டு பேருக்கும் வீட்டுலயே வேலை, நல்ல படிப்பு, நல்ல பேச்சு. ஃபாரத்தை முத்து முத்தா நிரப்பினாங்க. ஏழாவது கேள்விக்கு "இல்லவே இல்லை"ன்னு அடிக்கோடு வேற. வீட்டையும் பாத்தேன். வேற ஜீவன் இல்லாத வீடு. அதுதான் நான் ஏமாந்த எடம். குடுத்தேன்.

பதினஞ்சாம் நாள் போய்ப் பாக்கறதுதான் ரூல். எனக்கு மனசு கேக்கல, ஒம்பதாம் நாளே போய் நின்னேன், சொல்லாம. வைகை ஓடி வந்துச்சு. ஆனா எட்டுப் போடல. சரி, வீடு பழகியிருக்கும்னு நெனைச்சேன். அந்தப் புருஷன்காரப் பையன் பேசிக்கிட்டே மேல கொடியில மாட்டியிருந்த துண்டை எடுக்கக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான் சார். அந்த நாய் தரையோட தரையா ஒட்டிக்கிச்சு. காது ரெண்டும் பின்னால போயிடுச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. ஒரு நொடிதான். அப்புறம் எந்திரிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி வாலை ஆட்டுது. அந்த வாலாட்டலைத்தான் என்னால தாங்க முடியல.

கயித்தை எடுத்து மாட்டினேன். அவன் பின்னாலயே வர்றான், "சார், அடிக்கல சார், செருப்பைக் கடிச்சப்ப சும்மா ஓங்கினேன், ஒரே ஒரு தடவ"ங்கறான். தம்பி, ஓங்கினாலும் அடிதான்னேன். ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் சாப்பிடறப்ப ரெஜினாகிட்டயும் செலின்கிட்டயும் இதைச் சொல்லிட்டிருந்தேன். துண்டை எடுக்கறதுக்குத்தான் தூக்கினான், அதுக்கே அது எப்படிக் குறுகிச்சு தெரியுமான்னு, நான் தலையைக் குனிஞ்சே காட்டினேன். "அங்க இனிமே ஒரு நிமிஷம் விட்டு வைப்பனா?"ன்னு கேட்டேன். செலின் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டா. உடம்பு சரியில்லைன்னு நெனைச்சேன். ரெஜினா என்னையே பாத்துட்டிருந்தா. என்னன்னேன். ஒண்ணுமில்லன்னா.

செலின் வந்தது இது மூணாவது தடவ. மொத தடவ ரெண்டு நாள் இருந்தா, நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். ரெண்டாவது தடவ ஒரு வாரம். மாப்ள எட்வின் வந்து அழைச்சுட்டுப் போனார். அப்ப சொன்னா, "கோவம் வந்தா கை ஓங்கறார்ப்பா"ன்னு. அடிச்சாரான்னு கேட்டேன். பேசாம நின்னா. அடிச்சிருந்தா சொல்லியிருப்பா இல்ல சார்? சொல்லலைன்னா இல்லைன்னுதான எடுத்துக்கணும். பேங்க் உத்தியோகம், வேலை அழுத்தம் இருக்கும், நீதான் அனுசரிச்சுப் போகணும்னு சொல்லி அனுப்பினேன். எந்த அப்பன் இதை விட வேற சொல்லுவான்? அது வேற விஷயம்.

நல்ல எடம் சார் அது. நான் விசாரிக்காம குடுத்தேன்னு நெனைச்சுடாதீங்க. குடி கெடையாது, சிகரெட் கெடையாது, ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போறவர். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இதே எடத்துல அரை மணி நேரம் உக்காந்து பேசினார். முகத்தைப் பாத்தேன், களையான முகம். முடிச்சுட்டேன். மாப்ள வீட்டைப் போய்ப் பாத்துட்டு வர்றதுன்னு நம்ம பக்கம் ஒரு வழக்கம் உண்டே, அதுக்கும் நாள் குறிச்சோம். அன்னைக்குன்னு பாத்து இந்தச் சோழனுக்கு வயித்துல ஆபரேஷன். அவனை விட்டுட்டு நான் எப்படிப் போறது? ரெஜினாவும் அவ அண்ணனும்தான் போனாங்க. வந்து ரெஜினா சொன்னா, "வீடு பெருசுதான். ஆனா அந்தம்மா வாயே தெறக்கலைங்க. மகன் உள்ள வந்ததும் காபி டம்ளரை வைக்கிற கை நடுங்குது"ன்னு. வயசானா யாருக்கும் நடுங்கத்தான் செய்யும், அடக்கமான குடும்பம்னு சொல்லு அப்படின்னேன்.

சோழன் பொழைச்சுட்டான். பாருங்க, பேரைச் சொன்னதும் காதைத் தூக்கறான்.

சரி, வியாழக்கெழமைக்கு வரேன். நடந்தது இவ்வளவுதான். மாப்ள போன் பண்ணியிருந்தார், செலினை அழைச்சுட்டுப் போக வர்றேன்னு. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. ரெண்டு மாசமாச்சு, அக்கம்பக்கத்துல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதே வாரம் உங்க வீட்டையும் பாத்து முடிச்சாச்சா, ஞாயித்துக்கெழமை நாய், வியாழக்கெழமை பொண்ணு, ரெண்டும் அது அது எடத்துக்குப் போய்ச் சேந்துடும்னு ரெஜினாகிட்ட சொன்னேன்.

மத்தியானம் ரெண்டரைக்கு வந்தார். சாப்பிட்டார். நீங்க உக்காந்திருக்கீங்களே, இங்கதான் உக்காந்தார். செலின் அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா, சுவிட்ச் போர்டுக்குக் கீழ. வைகை அவ கால்மாட்டுல. பையைக் கட்டிட்டியாம்மான்னு கேட்டேன். அவ குனிஞ்சு வைகை காதைத் தடவினா. மாப்ள சிரிச்சுப் பேசிட்டிருந்தார், என் முட்டியைப் பத்திக் கேட்டார், மருந்து சொன்னார். ஒரு குறையும் சொல்ல முடியாது. காத்தே வரலையே மாமான்னு சொல்லிக்கிட்டு, ஃபேன் வேகத்தைக் கூட்டறதுக்காக எந்திரிச்சுப் போய்க் கையைத் தூக்கினார்.

செலின் தலை கீழ போயிடுச்சு சார். தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. ஒரு நொடிதான். ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் நிமிந்து நின்னு, முடியைச் சரி பண்ணிக்கிட்டு, என்னைப் பாத்து சிரிச்சா. ஒண்ணுமில்லைங்கற மாதிரி.

நான் பாக்கலைன்னு சொல்லல சார். ரெஜினா அப்படி நெனைக்கறா போல, இந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியலைன்னு. பாத்தேன். அவ காலைக் கூடப் பாத்தேன். ரெண்டும் கதவைப் பாத்து நின்னுச்சு.

பாத்துட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேரமாச்சும்மா, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், கெளம்பு"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில வந்துடுச்சு. மாப்ள முன்னால வேற என்ன சொல்றது? எனக்கு என்னமோ அந்த நேரத்துல, நான் பாத்ததை நான் பாக்கலைன்னு ஆக்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு இருந்துச்சு.

செலின் சுவத்தை விட்டு முன்னால வந்தா. அப்புறம், "ப்பா, வைகைக்கு ஒரு ஃபாரம் குடுங்க"ன்னா. யாரோ சிநேகிதிக்கு வேணுமாக்கும்னு எடுத்துக் குடுத்தேன். வைகைக்குத்தான் வீடு பாத்தாச்சே, மணப்பாறையில அருமையான மனுஷன், ஞாயித்துக்கெழமை வர்றார்னும் சொன்னேன். அவ மேசையில உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டா. இருபது நிமிஷம். இந்தப் பக்கம் மாப்ள கடியாரத்தைப் பாக்கறார், "என்ன மாமா இது வெளையாட்டு"ங்கறார். நான் அசட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டு நிக்கறேன்.

எழுதி முடிச்சு என் கையில குடுத்தா. "வைகையை நான் கேக்கறேன்ப்பா. உங்க ரூல்படி பாத்துச் சொல்லுங்க"ன்னா. மாப்ளைக்கு நாய் பிடிக்காதேம்மா, அங்க கொண்டுபோய் நீ எப்படி வளப்பேன்னு கேட்டேன். "விலாசத்தைப் படிங்கப்பா"ன்னா. புதுக்கோட்டை விலாசம். ஒரு பள்ளிக்கூடத்துல வெளையாட்டுப் பொண்ணுங்க விடுதி, அதுக்கு வார்டன் வேலை. காலையில ஓட்டப் பயிற்சியும் இவதான் குடுக்கணுமாம். ஒரு மாசமா போன்ல பேசிட்டே இருப்பா, நான் சிநேகிதின்னு நெனைச்சுட்டிருந்தேன்.

வாசல்ல குட்டியானை வந்து நிக்குது. லோடு வண்டி சார், செலின் எப்பச் சொல்லி வச்சாளோ தெரியல. ரெஜினா உள்ளயிருந்து வைகையோட தட்டையும் ரெண்டு பையையும் கொண்டுவந்து வண்டியில வச்சா. பையில செலின் துணி. அதை எப்பக் கட்டினாங்கன்னும் எனக்குத் தெரியல. என் வீட்டுலதான் நடக்குது எல்லாம்.

மாப்ள வேகமா வெளிய வந்து, "செலின்!"னு கத்திக்கிட்டுக் கையைத் தூக்கினார். இந்தத் தடவ ஃபேன் இல்ல. தெருவே பாத்துட்டிருக்கு. வைகை கடிக்கல, உறுமக் கூட இல்ல. அதுக்கு வண்டி ஏறப் போற சந்தோஷம். மண்ணுக் காலோட அவர் நெஞ்சுல எகிறி ஏறி, மூஞ்சியை நக்கிடுச்சு. வெள்ளைச் சட்டை பூரா காலடி. ஓங்கின கையை என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னார். அதுக்குள்ள செலின் விசிலடிச்சா, அது ஒரே தாவுல வண்டியில. போயிட்டாங்க. "இப்படியே விட்டுட்டீங்களே மாமா"ன்னார். விட்டேனா, பிடிச்சேனான்னு எனக்கே தெரியல சார். கயிறு என் கையில இல்லவே இல்ல.

இதுதான் அந்த ஃபாரம். மூணு நாளாச் சட்டைப் பையிலயே வச்சிருக்கேன், மடிப்பு கிழியுது பாருங்க. என் கண்ணாடி உள்ள இருக்கு, நீங்களே படிங்க. இல்ல வேணாம், எனக்கே மனப்பாடம். வீட்டில் எத்தனை பேர்? ஒருத்தி. நாயை வேண்டாமென்று சொன்னவர் யார்? யாரும் இல்லை. தினமும் ஓட்டம் யார் கொடுப்பார்? நான் ஓடுவேன், அது கூட வரும். ஏழாவது கேள்வி, கை ஓங்குகிறவர் யாராவது உண்டா? "இனிமேல் இல்லை."

கடைசியில அந்தக் குறிப்பு, கொட்டை எழுத்து. எந்த நேரமும், எந்தக் காரணத்துக்காகவும். ஏன் என்று கேட்க மாட்டோம். அதுக்குக் கீழ பேனாவால ரெண்டு கோடு போட்டிருக்கா. ஒண்ணும் எழுதல. காகிதம் கிழியற மாதிரி அழுத்திப் போட்டிருக்கா.

இருபத்தாறாவது கேள்வி, பதினைந்தாம் நாள் வீட்டைப் பார்க்க வரலாமா? "வரலாம். நாயைப் பார்க்க."

இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும் சார். "வீட்டை நேரில் பார்த்தேன், திருப்தி"ங்கற வரிக்குப் பக்கத்துல. அது போடாத வரைக்கும் ரூல்படி நாய் இன்னும் என்னுதுதான். உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், நியாயமாப் பாத்தா நான் போய் வைகையைக் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட ஒப்படைக்கணும். வெள்ளிக்கெழமை பூரா அதைத்தான் யோசிச்சேன். தப்பு அவ பேர்லதான்னு நிரூபிக்க ஒரு வழி இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. இப்ப அந்த யோசனை இல்ல. நீங்க மன்னிக்கணும். அந்தப் பட்டையை உங்க கெழட்டு நாய்க்குப் போட்டுடுங்க.

ஆனா கையெழுத்தும் போட முடியல. பதினோரு நாய்க்குப் போட்டிருக்கேன், பதினோரு வீட்டையும் பாத்துட்டுத்தான் போட்டேன். பாக்காமப் போட்ட கையெழுத்து என் வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான். அது கோயில் கல்யாண ரிஜிஸ்டர்ல இருக்கு. செலின் பேருக்கு நேரா.

வேற விஷயம் வேற விஷயம்னு சொல்லிட்டே வந்தேன் இல்ல? கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க, ஒண்ணும் சொல்லல. நல்ல மனுஷன் நீங்க.

கார்லதான வந்தீங்க? என்னைப் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட முடியுமா? புதுக்கோட்டை பஸ்ஸு நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கும். பதினஞ்சு நாள்தான் ரூல், இன்னைக்கு நாலாம் நாள். கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன். வைகையோட மூங்கில் குச்சியை விட்டுட்டுப் போயிட்டாங்க சார், அது கடிச்சு வெளையாடற குச்சி, அதோ அந்த மூலையில கெடக்கு. அதைக் குடுக்க வந்தேம்பேன். நாயைப் பாக்க வந்தேம்பேன். அதுக்குத்தான அனுமதி குடுத்திருக்கா.

அந்தக் குச்சியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். என்னால குனிய முடியல.